ஒன்றும் முளைக்கவில்லை

ஸ்கார்வெய் தீவின் மீன் கம்பெனியில் ஒருவரைப் பாராட்ட ஒரே ஒரு சொல்தான் உண்டு. நகரத்திலிருந்து சோதனைக்காரர் படகில் வந்து இறங்குவார். அறுப்பு மேசை, கத்தி, தரையின் மூலை என்று ஒன்று விடாமல் பஞ்சுக் குச்சியால் தடவி எடுத்துக்கொண்டு போவார். சில நாள் கழித்துத் தகவல் வரும்: "ஒன்றும் முளைக்கவில்லை." கண்ணாடித் தட்டில் ஒரு கிருமிகூடத் தலைகாட்டவில்லை என்று அர்த்தம். அந்தச் சொல் ஓட்வாரின் சொத்து. மற்றவர்கள் அறுத்து முடித்து வீட்டுக்குப் போன பிறகு ரப்பர் உடுப்பும் குழாயுமாக நின்று, கூடம் முழுக்க நுரை போட்டுக் கழுவுகிறவன் அவன்தான். கழுவி முடித்ததும் குளோரின் தண்ணீரைத் தெளித்து அப்படியே விட்டுவிட்டு வருவான். மறுநாள் வேலை தொடங்கும் முன்தான் அதை அலசுவார்கள். முன்னாலேயே அலசினால் குழாய்த் தண்ணீரோடு கிருமியும் திரும்ப வந்து உட்கார்ந்துகொள்ளும் என்பது அங்கே சட்டம்.

ஆகவே சுகாதார நிலையத்தில் டாக்டர் ஐவிண்ட் முதல் தடவை அதே சொல்லைச் சொன்னபோது ஓட்வாரின் முகத்தில் ஒரு பெருமை வந்து போயிற்று. பக்கத்தில் உட்கார்ந்திருந்த அவன் மனைவி சோல்ஃப்ரிட் அதைப் பார்த்துவிட்டாள். மடியில் பிள்ளை அனலாகக் கொதிக்கிறது, இந்த மனுஷன் பரிசு வாங்கியவன் மாதிரி நிமிர்ந்து உட்காருகிறானே என்று அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"ஒண்ணும் முளைக்கல. அப்போ மூத்திரத்துல கிருமி இல்லன்னுதான் எடுத்துக்கணும்," என்றார் டாக்டர். படிப்பை முடித்த கையோடு கட்டாய வருஷத்துக்காக வடக்கே அனுப்பப்பட்டவர். தாடி இன்னும் சரியாக முளைக்காத முகம்.

"அப்போ ஜுரம் எங்கேருந்து வருது?"

"வைரஸா இருக்கலாம். இந்த வயசுப் பிள்ளைங்களுக்கு..."

"போன மாசமும் வைரஸ்னுதான் சொன்னீங்க. அதுக்கு முந்தியும் வைரஸ்தான். இந்தத் தீவுல அந்த வைரஸுக்கு எங்க வீடு மட்டும்தான் தெரியுமா?"

டாக்டர் காதுவரை சிவந்துபோனார். "மூத்திரத்துல முக்குற காகிதப் பட்டையில கொஞ்சம் நிறம் மாறுது, ஒத்துக்கறேன். ஆனா அத மட்டும் வச்சு முடிவு பண்ண முடியாது. தட்டுல கிருமி முளைச்சாத்தான் என்ன கிருமி, எந்த மருந்துன்னு தெரியும். முன்னெச்சரிக்கையா குடுத்த மருந்த இன்னியோட நிறுத்திருங்க."

"அந்த மருந்துலதானே டாக்டர் பிள்ளை ரெண்டு வாய் சாப்பிட்டா!"

"தானாவே சரியாகியிருக்கலாம். தேவையில்லாம மருந்து குடுக்கக் கூடாதில்லையா?"

நியாயமான பேச்சுதான். நியாயமான பேச்சைக் கேட்டுக் கேட்டே சோல்ஃப்ரிட்டுக்கு வெறுத்துப்போயிருந்தது. தோராவுக்கு ஒரு வயது தாண்டி ஓரிரு மாதம் இருக்கும். திடீரென்று ஜுரம் ஏறும், வாந்தி எடுப்பாள், உருளைக்கிழங்கைக் கண்டாலே முகத்தைத் திருப்பிக்கொள்வாள். ஒண்ணுக்குப் போகும்போது முதுகை வளைத்து வீரிட்டு அழுவாள். நாப்பியை அவிழ்த்தால் சிறுநீர் கஞ்சித் தண்ணீர் மாதிரி கலங்கிக் கிடக்கும். இதெல்லாம் ஒரு தாயின் கண்ணுக்குத் தெரிகிறது, நகரத்தில் இருக்கும் கண்ணாடித் தட்டுக்குத் தெரியவில்லை. தட்டு சொல்வதுதான் சபையில் ஏறுகிறது.

தட்டுக்கு அடுத்தபடியாகச் சபையில் ஏறுவது ஹெர்டிஸ் சொல்வது. ஹெர்டிஸ் ஓட்வாரின் அக்கா. அறுப்பு மேசையில் சோல்ஃப்ரிட்டுக்குப் பக்கத்து இடம் அவளுடையது. காட் மீனைப் புரட்டிப் போட்டு முதுகோரமாக ஒரே இழுப்பில் கத்தியை ஓட்டுவாள். அந்தக் கை நிற்காமலே வாயும் ஓடும்.

"நான் சொன்னா உனக்குக் கசக்கும். ஆகஸ்ட்ல சதுப்புக்குப் பழம் பறிக்கப் போனோமே, அன்னிக்குப் பிள்ளைய எங்கடி உக்கார வச்ச?"

"என் கோட்டு மேல."

"கோட்டுக்கு அடியில என்ன இருந்துச்சு?"

"பாறை."

"ஆங்! பாறை. ஈரப் பாறை. கேட்டீங்களா எல்லாரும்?"

எல்லாரும் கேட்டார்கள். மேசை நெடுகக் கத்திகள் ஒரு கணம் நின்று மறுபடி ஓடின. அந்தக் கடற்கரைப் பேச்சில் இந்த நோய்க்குப் பெயரே நீர்ப்பைச் சளி. பெயரிலேயே சளி இருக்கும்போது குளிர் இல்லாமல் அது எப்படி வரும்? குளிர்ந்த கல்லில் உட்காராதே என்று சொல்லி வளர்க்காத தாய் அங்கே ஒருத்தி கிடையாது. ஆகவே குற்றவாளி யார் என்பதில் தீவில் யாருக்கும் சந்தேகம் இல்லை. பாவம், நல்லவர்கள், முகத்துக்கு நேரே அதிகம் சொல்லமாட்டார்கள். கம்பளி ஜட்டி பின்னிக் கொண்டுவந்து கொடுப்பார்கள்.

"உன் பிள்ளைங்க படகுத்துறையில தவழ்ந்து வளந்ததுங்கதானே ஹெர்டிஸ்? அங்க என்ன, மெத்தையா போட்டிருந்துச்சு?"

"என் பிள்ளைங்களுக்கு நான் ரெண்டு கம்பளி போட்டேன்."

"இவளுக்கு மூணு போட்டிருக்கேன். புட்டமெல்லாம் அரிச்சுச் சிவந்து கிடக்கு. இன்னும் எத்தனை போடணும்? ஆட்டையே கட்டி விட்டுரவா?"

மேசையில் சிரித்தார்கள். ஹெர்டிஸும் சிரித்துவிட்டு, "ஆட்டுக்கு நீர்ப்பைச் சளி வந்து நான் பாத்ததில்ல," என்றாள். சோல்ஃப்ரிட்டும் சிரித்தாள். ஆனால் வீட்டுக்கு நடக்கும்போது அந்தப் பாறைதான் கண்முன்னே நின்றது. எவ்வளவு நேரம் உட்கார வைத்தோம், கோட்டு நனைந்திருந்ததா என்று பழம் பறித்த அந்த ஒரு நாளை அவள் குளிர்காலம் முழுக்கத் துவைத்துப் பிழிந்துகொண்டிருந்தாள்.

ஜுரம் திரும்ப வந்தது. திரும்பவும் சிறுநீர் பிடிக்க வேண்டும். ஒட்டுகிற பிளாஸ்டிக் பை கொடுத்திருந்தார்கள், அது ஒட்டவில்லை. ஒட்டின தடவை தோலில் இருந்ததெல்லாம் கலந்துவிட்டது, செல்லாது என்றார்கள். "சுத்தமான பாத்திரத்துல, நடுவுல வர்றதப் பிடிங்க," என்றார் டாக்டர். சொல்வது சுலபம்.

சமையலறையில் அடுப்பில் மீனும் உருளைக்கிழங்கும் கொதித்துக்கொண்டிருந்தன. ஜன்னலுக்கு வெளியே, சூரியன் எழாத வடக்குக் குளிர்காலத்தில் பகல் என்று பெயர் வைத்திருக்கிற நீல இருட்டு. ஓட்வார் நாற்காலியில் உட்கார்ந்து, கீழே ஒன்றும் உடுத்தாத தோராவைக் கையில் தூக்கிப் பிடித்திருந்தான். சோல்ஃப்ரிட் தரையில் மண்டியிட்டுக் கிண்ணத்தை ஏந்தியிருந்தாள். பழச்சாறு ஒரு குவளை உள்ளே போயாயிற்று. குழாயைச் சன்னமாகத் திறந்துவிட்டிருந்தார்கள்.

"ஸ்ஸ்ஸ்... என் தங்கமில்ல, போ கண்ணு."

"நீ அவ மூஞ்சியவே பாக்காத. யாராச்சும் பாத்துட்டே இருந்தா எனக்கும்தான் வராது," என்றான் ஓட்வார்.

"அப்போ எங்க பாக்கறது? வர்றது தெரிய வேணாமா?"

"காதால கேளு."

"குழாய் ஓடுதே!"

"நீதானே திறக்கச் சொன்ன?"

குழாயை மூடினார்கள். தோரா கிண்ணத்தைப் பார்த்துச் சிரித்தாள், காலால் உதைத்தாள். ஈரத் துணியால் அடிவயிற்றைத் தேய்த்தார்கள், அழுதாள். மீன் வெந்து குழைந்துபோயிற்று. சட்டியை இறக்கலாம் என்று கிண்ணத்தை மேசையில் வைத்துவிட்டு சோல்ஃப்ரிட் எழுந்த அந்த நொடியில் பிள்ளை தரையெல்லாம் பெய்துவிட்டு நிம்மதியாகப் பார்த்தாள்.

"வேணும்னே பண்றா," என்றான் ஓட்வார்.

"உன் ரத்தம் ஆச்சே."

மறுபடி சாறு, மறுபடி மண்டி. கடைசியில் ஒருவழியாகக் கிண்ணத்தில் நாலு கரண்டி விழுந்தது. ஓட்வார் அதை எண்ணெய் தளும்பாமல் ஊற்றுகிற மாதிரி மருத்துவக் குப்பியில் ஊற்றி மூடினான். கிண்ணத்தை எடுத்துக்கொண்டு குளியலறைக்குப் போனான். அந்தக் கிண்ணத்தைக் கழுவுவது மட்டும் அவன் வேலை, அதில் வேறு யாரும் கை வைக்க முடியாது. சோல்ஃப்ரிட்டும் கை வைக்க விரும்பியதில்லை. ஒரு வேலையாவது தானே செய்கிறானே என்று விட்டிருந்தாள்.

அன்று புயல். விரைவுப் படகு வரவில்லை. குப்பி குளிர்பெட்டியில் மீன் கேக்குக்குப் பக்கத்தில் காத்திருந்தது. காற்று ஓய்ந்து படகு வந்தபோது குப்பி பழசாகிவிட்டது, வேறு பிடியுங்கள் என்றார்கள். வேறு பிடித்தார்கள். அது நகரத்துக்குப் போனது. பதில் வந்தது.

"ஒண்ணும் முளைக்கல."

சோல்ஃப்ரிட் டெலிபோனைச் சுவரில் அறைந்து மாட்டினாள். "மூணு கம்பளி போட்டாச்சு. மண்டி போட்டு மண்டி போட்டு முட்டி தேஞ்சு போச்சு. பிள்ளை எடை குறையுது. இவங்களுக்கு ஒண்ணும் முளைக்கல! அந்தத் தட்டுல என்னதான் போட்டு வச்சிருக்காங்க, ரோட்டுக்கு ஊத்தற தாரா?"

"நான் இன்னும் நல்லாக் கழுவறேன்," என்றான் ஓட்வார். வேறு என்ன செய்வதென்று அவனுக்கும் தெரியவில்லை.

மாசி பிறந்த சமயத்தில் சுகாதார நிலையத்து நர்ஸ் பிரசவ விடுப்பில் போனாள். பதிலுக்குத் தெற்கேயிருந்து ஊன்னி என்ற பெண் வந்தாள். படகை விட்டு இறங்கியதிலிருந்து மீன் வாடைக்கு மூக்கைச் சுளித்துக்கொண்டிருந்தவள். சோல்ஃப்ரிட் நீட்டிய குப்பியைத் திறந்து காகிதப் பட்டையை விடப் போனவள் கையை நிறுத்தினாள்.

"இதென்ன, நீச்சல் குளம் மாதிரி வாடை அடிக்குது?"

"நீச்சல் குளமா?"

"குளோரின். உங்களுக்குத் தெரியலையா?"

சோல்ஃப்ரிட் குப்பியை வாங்கி முகர்ந்தாள். ஒன்றும் தெரியவில்லை. தன் கையை முகர்ந்தாள், கோட்டை முகர்ந்தாள். எதிலும் எந்த வாடையும் இல்லை. கல்யாணத்துக்கு முன்னாலிருந்தே அந்தக் கூடத்தில் நின்று அறுக்கிற மூக்கு அது. அந்த வாடைக்கு அது செத்து எத்தனையோ காலம் ஆகியிருந்தது.

"பாத்திரத்த எதால கழுவுறீங்க?" என்றாள் ஊன்னி.

சோல்ஃப்ரிட் பிள்ளையை இடுப்பில் தூக்கிக்கொண்டு வழுக்குப் பனியில் ஏறக்குறைய ஓடினாள்.

ஓட்வார் வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தான். குளியலறை அலமாரியில், வெள்ளைத் துணிமேல், கிண்ணம் கவிழ்த்து வைத்திருந்தது. பக்கத்தில் கம்பெனித் தெளிப்பான் ஒன்று.

"இதாலயா கழுவுற?"

"பின்ன? கடைச் சோப்புல கிருமி சாகுமா?"

"கழுவிட்டு அலசுவியா?"

"அலசுனா எப்படி? குழாய்த் தண்ணியில என்னென்ன இருக்கோ. தெளிச்சு அப்படியே விட்டாத்தான் சுத்தம். அவங்க குடுக்கற குப்பியிலயும் ஒரு தெளி தெளிச்சுதான் வைப்பேன். எந்தப் பேக்டரியில எவன் கை பட்டதோ."

சோல்ஃப்ரிட் குளியல் தொட்டியின் விளிம்பில் உட்கார்ந்தாள்.

"குப்பியிலயுமா?"

"ஆமா. ஏன்?"

"ஏனா? அடப்பாவி, கிருமியப் பிடிச்சு அனுப்புன்னாங்க. நீ கொன்னு அனுப்பியிருக்க!"

ஓட்வாருக்கு முதலில் புரியவில்லை. புரிந்தபோது ஒப்புக்கொள்ள மனசு வரவில்லை. "சுத்தமான பாத்திரம்னுதானே சொன்னாங்க? சுத்தம்னா எனக்குத் தெரியாதா? என் கூடத்துல ஒரு தடவையாச்சும் ஒண்ணு முளைச்சிருக்கா?"

"அதான் இங்கயும் முளைக்கல! குளிர்காலம் பூரா முளைக்கல! உன் அக்கா என்னப் பாறை மேல உக்கார வச்சு அறுத்தாளே, நீ பாத்துட்டுதானே இருந்த? ஒரு வார்த்தை பேசுனியா?"

"எனக்கு எப்படித் தெரியும்?"

"உனக்குச் சுத்தம் மட்டும்தான் தெரியும்!"

பிள்ளை இருவரையும் மாறி மாறிப் பார்த்து அழ ஆரம்பித்தாள். ஓட்வார் தெளிப்பானைக் கையில் எடுத்தான், வைத்தான், மறுபடி எடுத்தான். பிறகு ஒன்றும் பேசாமல் வேலைக்குப் போய்விட்டான். அவளுக்கு ஆத்திரம் அடங்கவில்லை. பேசாமல் போகிறவனிடம் எப்படிச் சண்டை போடுவது?

மறுநாள் அவளே ஒரு கிண்ணத்தைச் சாதாரணச் சோப்பில் கழுவி, பலமுறை அலசி, உலர வைத்தாள். இந்தத் தடவை ஓட்வார் பிள்ளையைப் பிடித்துக்கொண்டு வேறு பக்கம் பார்த்தபடி இருந்தான். கிண்ணத்தைத் தொடவே இல்லை. படகும் அன்று நேரத்துக்கு வந்தது.

டெலிபோன் அடித்தபோது ஹெர்டிஸ் சமையலறையில் காபி குடித்துக்கொண்டிருந்தாள், மடியில் பாதி பின்னின இன்னொரு கம்பளி ஜட்டி. டாக்டர் ஐவிண்டே பேசினார்.

"முளைச்சிருக்கு சோல்ஃப்ரிட்! தட்டு பூரா! ஒரே வகைக் கிருமி, சுத்தமான விளைச்சல்!"

"முளைச்சிருக்கா?" அவள் கத்திய கத்தில் ஓட்வார் கொட்டகையிலிருந்து ஓடிவந்தான். "முளைச்சிருச்சு ஓட்வார்! தட்டு பூரா!"

ஓட்வார் அவளைக் கட்டிப்பிடித்தான். ஹெர்டிஸும் காரணம் தெரியாமலே எழுந்து இருவரையும் சேர்த்துக் கட்டிக்கொண்டாள். பிறகு, "இதுல சந்தோஷப்பட என்னடி இருக்கு? பிள்ளைக்கு நோவுன்னுதானே சொல்றான்?" என்றாள்.

மூன்று பேரும் கையை விலக்கிக்கொண்டார்கள். டெலிபோனில் டாக்டர் இன்னும் பேசிக்கொண்டிருந்தார். மருந்து உடனே தொடங்க வேண்டும், நகரத்துப் பெரிய ஆஸ்பத்திரியில் சிறுநீரகத்தைப் படம் எடுத்துப் பார்க்க வேண்டும், தாமதிக்கக் கூடாது. கடைசியில் குரலைத் தாழ்த்தி, "நான் மருந்த நிறுத்தச் சொல்லியிருக்கக் கூடாது," என்றார். பரவாயில்லை என்று சொல்ல சோல்ஃப்ரிட்டுக்கு வாய் வரவில்லை.

நகரத்து ஆஸ்பத்திரியில் மருந்துத் தண்ணீரைப் பிள்ளையின் நீர்ப்பைக்குள் ஏற்றிப் படம் எடுத்தார்கள். தோரா கத்திய கத்து இரண்டு மாடிக்குக் கேட்டிருக்கும். ஓட்வார்தான் அவள் கைகளைப் பிடித்துக்கொண்டு நின்றான். பிறகு நரைத்த தலை டாக்டரம்மா ஒருவர் படத்தை விளக்குப் பலகையில் மாட்டிக் காட்டினார்.

"இங்க பாருங்க. நீர்ப்பையிலேருந்து மூத்திரம் கீழ வரணும். இவளுக்குக் கொஞ்சம் மேலயும் திரும்பிப் போகுது, கிட்னி வரைக்கும். கிட்னிக் குழாய் நீர்ப்பையில சேர்ற வாசல் பிறக்கும்போதே சரியா மூடல. அதனால கிருமியும் மேல ஏறிருது. இடது கிட்னில வடு விழுந்திருக்கு."

"குளிர்ந்த பாறையில உக்கார வச்சா இப்படி ஆகுமா?" என்று கேட்டாள் சோல்ஃப்ரிட். கேட்காமல் அவளால் இருக்க முடியவில்லை.

"பாறையா? பாறைக்கும் இதுக்கும் சம்பந்தமே கிடையாதும்மா."

இந்த ஒரு வார்த்தைக்காக அவள் எத்தனை மாதம் காத்திருந்தாள்! தீவு முழுக்கக் கேட்க ஒலிபெருக்கி வைத்துச் சொல்லச் சொல்ல வேண்டும் என்று படகில் வரும்போதுகூட நினைத்திருந்தாள். இப்போது கையில் வந்து விழுந்தபோது அது வெறும் வார்த்தையாகத்தான் இருந்தது. படத்தில் இடது பக்கச் சிறுநீரகம் சின்னதாக, ஓரத்தில் கடித்து எடுத்த மாதிரி தெரிந்தது.

அப்போதுதான் ஓட்வார் வாயைத் திறந்தான். "முதல்ல அனுப்புனபோதே தட்டுல முளைச்சிருந்தா, இந்த வடு வந்திருக்குமா?" சொல்லிவிட்டுத் தானே தொடர்ந்தான். "பாத்திரத்துல நான் குளோரின் தெளிச்சுட்டேன். குப்பியிலயும். அதான் கேக்கறேன்."

டாக்டரம்மா சோல்ஃப்ரிட்டைப் பார்த்தார். சொல்லட்டுமா, வேண்டாமா என்கிற பார்வை. சோல்ஃப்ரிட் நினைத்திருந்தால் பேச்சை மாற்றியிருக்கலாம். அவள் மாற்றவில்லை. கேட்டவனுக்குப் பதில் கிடைக்கட்டும் என்று சும்மா இருந்தாள்.

"கொஞ்சம் குறைவா இருந்திருக்கும்," என்றார் டாக்டரம்மா. "எவ்வளவுன்னு யாராலயும் சொல்ல முடியாது. வலது கிட்னி நல்லா இருக்கு. தினமும் மருந்து குடுங்க. ஜுரம் வந்தா அன்னிக்கே காட்டுங்க. வளர வளர வாசல் தானே மூடிக்கலாம், இல்லன்னா ஆபரேஷன் பண்ணுவோம். ஆனா விழுந்த வடு போகாது."

ஓட்வார் தலையை ஆட்டினான். கம்பெனியில் மேலாள் சொல்வதைக் கேட்டுக்கொள்கிற மாதிரி, பணிவாக.

வெளியே நடையில் பெஞ்சில் உட்கார்ந்தார்கள். நாப்பி எடுத்துவரப் போன நர்ஸைக் காணோம். தோரா துண்டு ஒன்றில் சுற்றியபடி அப்பன் மடியில், அழுது ஓய்ந்த விக்கலோடு இருந்தாள். ஓட்வார் நகரத்துக்குப் போகிறோம் என்று தேவாலயத்துக்குப் போடுகிற நல்ல கால்சட்டையைப் போட்டு வந்திருந்தான். சோல்ஃப்ரிட் பெஞ்சின் மறுகோடியில் இருந்தாள். சொல்ல வேண்டியது நெஞ்சு முட்ட இருந்தது. நீ சொன்ன சுத்தம், உன் அக்கா சொன்ன பாறை, இதோ பார் உன் மகளின் வடு. எங்கிருந்து தொடங்குவது என்றுதான் யோசித்துக்கொண்டிருந்தாள்.

தோராவின் முகம் ஒரு கணம் சுருங்கி, பிறகு இளகியது. துண்டு நனைந்தது. கால்சட்டை நனைந்தது. பெஞ்சிலிருந்து தரைக்குச் சொட்டியது. அந்தப் பக்கம் போன பணியாள் ஒருத்தி, "ஐயோ, இருங்க, துணி கொண்டாறேன்," என்று ஓடப் போனாள்.

"வேணாம்," என்றான் ஓட்வார். "பிள்ளைய அசைக்காதீங்க. போகட்டும். முழுசாப் போகட்டும்."

கூடத்தின் மூலையில் ஒரு செதில் கிடந்தாலும் சாப்பாடு இறங்காத மனுஷன், மடியில் ஓடுகிற ஈரத்தைத் தொடாமல், மகள் முதுகில் கையை வைத்தபடி உட்கார்ந்திருந்தான். கண்ணீர் மூக்கு வழியாக இறங்கியது, அதையும் அவன் துடைக்கவில்லை. சோல்ஃப்ரிட்டுக்குக் கோபம் போய்விடவில்லை. அது இன்னும் பல நாள் போகாது என்று அவளுக்கே தெரியும். ஆனாலும் பெஞ்சின் மறுகோடியிலிருந்து எழுந்து, ஈரத்தின் மேலேயே அவன் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள்.